ரகுபதி சாரின் பச்சை பீரோ

"பீரோவைத் தொறக்கப் போறீங்களா, இல்லியா சார்?"

பாண்டிச்செல்வி சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். காலை ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு, கேன்டீன் சீருடையில் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். பின்னால் நாலைந்து தாய்மார்கள் நின்றார்கள்.

தலைமை ஆசிரியர் ரகுபதி தலையை நிமிர்த்தவில்லை.

"பசங்க உடைச்சிடுவாங்கம்மா" என்றார்.

நன்றாயிருக்கிறது கதை. 2012 ஆடி மாதம், பாண்டிச்செல்வி வேலை பார்க்கும் ஒரகடத்துக் கம்பெனி வேனில் கொண்டுவந்து இறக்கிய கீபோர்டு, தபேலா, ஜால்ரா எல்லாம் இந்தப் பச்சை பீரோவுக்குள் போனதுதான். காலாண்டுப் பரீட்சையும் முடிந்துவிட்டது, பீரோ திறந்தபாடில்லை. கருவிகள் பிள்ளைகளுக்கா, பீரோவுக்கா?

பாண்டிச்செல்விக்கு அதில் மற்றவர்களைவிட வயிற்றெரிச்சல் அதிகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மகள் கனகலட்சுமி மூன்றாம் வகுப்பு. 'சொல்லுதேன்', 'போறாவ' என்று அவள் வாயைத் திறந்தாலே வகுப்பு மொத்தமும் சிரித்தது. பிள்ளை பேசுவதையே விட்டுவிட்டாள்.

கருவிகள் வந்த அன்று மட்டும் கதை வேறு. மண்ணூர்ச் சர்ச்சில் வாசிக்கும் கிளாரா டீச்சர், கீபோர்டைத் திறந்து ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். பாட்டில் எல்லாருக்கும் ஒரே வார்த்தைதானே, அதில் யார் எந்த ஊர் என்று எவன் கண்டான்? கனகா தொண்டை திறந்து பாடினாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வெறும் நெற்றியோடு வந்தவளிடம், பொட்டு எங்கே என்று அம்மா கேட்டாள். தான் அமுக்கிய வெள்ளைக் கட்டையில் ஒட்டி வைத்திருக்கிறாளாம்.

"நாளைக்குப் போனா என் கட்டை எதுன்னு தெரியணும்லாம்மா?"

மறுநாள் பீரோ பூட்டிக் கிடந்தது. கனகா பழையபடி ஊமையானாள்.

"எம்புள்ள இந்தப் பள்ளிக்கூடத்துல வாயத் தொறந்தது அந்த ஒரு நாள்தான் சார். படிப்பு வரலன்னு நான் கேக்க வரல. பேச்சாவது வரட்டும்லா?"

ரகுபதி பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"சாவி என்கிட்டதாம்மா இருக்குது. தர்றதுக்கில்ல. போய் வாங்க."

வெளியே வந்ததும், "அந்தாளு தன் பேத்திக்கு எடுத்துனு போயிருப்பான், பாத்துக்கினே இரு" என்றாள் கூட வந்த தாயாரம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சூட்டில் பாண்டிச்செல்வி அவருக்கு ஒரு பெயரும் வைத்தாள்: பூட்டு வாத்தியார்.

பெயர் பற்றிக்கொண்டது. பிள்ளைகள் வாய்க்கும் வந்து, ஒருநாள் பள்ளிச் சுவரில் கரியால் எழுதியும் ஆயிற்று. அவரே ஈரத்துணி கொண்டு துடைத்தாராம். பாண்டிச்செல்வி, வேணும் நல்லா என்று நினைத்துக்கொண்டாள்.

கம்பெனி கேன்டீனில் ஒரு போர்டு உண்டு. கம்பெனி செய்யும் தர்ம காரியங்களின் படங்களை அதில் ஒட்டுவார்கள். கருவிகள் வந்த அன்று பிடித்த, கனகா கீபோர்டு வாசிக்கும் படமும் அதில் இருந்தது. சாம்பார் வாளியோடு கடந்து போகும்போதெல்லாம் மகளை ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

அந்த வாரம் பக்கத்தில் புதுப் படம் ஒன்று ஒட்டியிருந்தார்கள். வேறு ஏதோ ஊர், வேறு பள்ளிக்கூடம், வேறு ஒரு குழந்தை. அதன் முன்னாலும் ஒரு கீபோர்டு.

வெள்ளைக் கட்டை ஒன்றில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

பாண்டிச்செல்வி வாளியைக் கீழே வைத்துவிட்டு, கிட்டப் போய்ப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

இந்த முறை தனியாகப் போனாள். குரலை உயர்த்தவில்லை.

"பீரோ காலிதான சார்?"

ரகுபதி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"போட்டோ புடிச்ச அன்னிக்கே, பசங்க வூட்டுக்குப் போனப்புறம் வேன் திரும்ப வந்துச்சும்மா. அடுத்த ஸ்கூலுக்கு வேணும்னு எல்லாத்தையும் ஏத்திக்கினு போயிட்டாங்க."

"அத எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? நாங்க போய்க் கேட்டிருப்போம்லா?"

"கேட்டிருப்பீங்க. அதான் சொல்லல" என்றார். "இந்த ஊர்ல பாதிப் பேர் வூட்ல அந்தக் கம்பெனியாலதான் அடுப்பு எரியுது. எல்லாரும் கான்ட்ராக்ட். நீ இன்னிக்குப் போய்க் கேட்டா, நாளைக்கு கேட்லயே பாஸைப் புடுங்கிக்குவாங்க. என்னைத் திட்டினா யாருக்கும் வேலை போகாதும்மா."

சுவரில் கரி துடைத்த இடம் நினைவுக்கு வந்து, கூனிக் குறுகிப்போனாள்.

"கிளாரா டீச்சரை வெறும் வாயாலயாவது பாட்டுச் சொல்லித்தரச் சொல்லியிருக்கேன்" என்றார். "புள்ளைங்கதான் பீரோவையே பாத்துக்கினு உக்காந்திருக்குதுங்க. பாட மாட்டேங்குதுங்க."

மணி அடித்தது. வாசலில் கனகா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாயாரம்மாளும் மற்றவர்களும், 'இன்னா சொன்னான் அந்தாளு?' என்று காத்து நின்றார்கள். தாயாரம்மாள் கழுத்தில் கம்பெனி பாஸ் தொங்கியது. தன் கழுத்திலும் அதே நீலக் கயிறு இருப்பது பாண்டிச்செல்விக்குத் தெரியும்.

"எம்மா, சார் பீரோவத் தொறக்கேன்னாரா?"

ஜன்னலுக்கு உள்ளே ரகுபதி இருந்தார். அவருக்கும் கேட்கும்.

"பூட்டு வாத்தியாரு எங்கட்டி தொறப்பாரு?" என்றாள் பாண்டிச்செல்வி, எல்லாருக்கும் கேட்கும்படி.