முறைப்படி ஒரு பேட்டி

பயிற்சியில் சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தும் ஆராய்ச்சி மாணவி குறிப்பேட்டை இன்னொரு முறை புரட்டிப் பார்த்துக்கொண்டாள். எதிரில் இருந்த பழங்குடிப் பெண்மணி லேசில் விடுவதாக இல்லை.

"முன்னாடி வந்தவர் எங்க கதையை வாங்கிட்டுப் போனதோட சரி, திரும்பிக்கூடப் பார்க்கல. நீ எப்படி?"

"பதிவு முதல்ல உங்க கைக்குத்தான் வரும். நீங்க சம்மதிக்காம வெளிய போகாதுங்க."

"நிறுத்துன்னா?"

"உடனே நிறுத்திடுவேன்."

"அப்போ கேளு."

மாணவி ரெக்கார்டரை ஓடவிட்டாள். "பள்ளிக்கூடத்துல நம்ம மொழி பேசக் கூடாதுன்னாங்களே, அப்ப நீ என்னம்மா பண்ணினே? வீட்டுல எப்பக் கேட்டாலும் மழுப்பிடுவியே!"

பெற்றவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பேசினதுக்கு வெளிய நிக்க வெச்சாங்க. சும்மா நிப்பேனா? நம்ம பாட்டைச் சத்தமா எடுத்துவிட்டேன். மொத்த வகுப்பும் ஜன்னல் வழியா குதிச்சு வந்து கூடப் பாடுச்சு. முதல்ல குதிச்சவர்தான் உங்கப்பா!"