மாரிச்செல்வியாக ஒரு நாள்

ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களை வெறும் மதிப்பெண்ணை வைத்து எடைபோடக் கூடாதாம். அவர்களுடைய ஒரு நாளைத் தேர்வாளரே வாழ்ந்து பார்க்க வேண்டுமாம். பல்கலைக்கழகத்தின் விதி. அதன்படி பேராசிரியை கோமதி போன வாரம் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, மாரிச்செல்வி என்ற பெண்ணாக ஒரு நாள் வாழ்ந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவுக்கு முதுகில் புண் வந்துவிடாமல் அடிக்கடி புரட்டிப் படுக்கவைத்தாள். இடையில் கிடைத்த நேரத்தில் படித்தாள். கண் விழித்ததும், 'பாவம், இவளுக்கு ஆராய்ச்சிக்கு ஏது நேரம்?' என்று நிராகரித்துவிட்டாள்.

இன்று மதியம், பாதிச் சாப்பாட்டில் சட்டென்று எழுந்தாள்.

"எச்சில் கையோட எங்க போற?" என்றான் கணவன் ரகுபதி.

"அப்பாவப் புரட்டிப் படுக்கவைக்கணும்." வாய் தானாகச் சொல்லிவிட்டது. கோமதியின் அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது.

ரகுபதிக்குப் புரிந்துவிட்டது. "நீ வேணாம்னு சொன்ன அந்தப் பொண்ணா? மார்க் கம்மியா?"

"எல்லாரையும்விட அவளுக்குத்தான் அதிகம்." கோமதி உட்காரவில்லை. உள்ளங்கையில் அந்த மனிதரின் முதுகுச் சூடு அப்படியே இருந்தது. "மார்க்க மட்டும் பார்த்திருந்தா எடுத்திருப்பேங்க."