பால்கோவாத் திருட்டு

பால்கோவா டப்பாவின் நடுவில் ஒரு விரல் உழுதுவிட்டுப் போயிருந்தது.

பரிபூரணம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தடத்தையே பார்த்தாள். ஆலங்குளத்தில் நாத்தனார் மகளுக்கு நாளைக்கு வளைகாப்பு. சீருக்கு என்று நேற்றுத்தான் கடையில் நின்று, சூடு ஆறாமல் வாங்கி வந்த ஒரு கிலோ. சீர் சாமானில் வீட்டு ஆள் வாய் வைப்பதாவது!

"எந்தக் கழுதை இதுல கைய வச்சது?"

கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

வீட்டில் இருப்பது மூன்றே பேர். அடுப்படி வாசலில் மகள் கோதை நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

பரிபூரணத்துக்குள் ஓர் ஆசை துள்ளியது. இவளா? ஆண்டாளே, இவளாக இருக்கட்டும்!

பதினேழு வயசுப் பிள்ளை. பத்து மாதத்துக்கு முன்னால் திங்கட்கிழமை சிவனுக்கு என்று விரதம் பிடித்தாள். பிறகு செவ்வாய் மாரியம்மனுக்கு, வெள்ளி ஆண்டாளுக்கு, சனி பெருமாளுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் சாமிக்கா பஞ்சம்? ஏழு நாளுக்கும் ஆள் கிடைத்தார்கள்.

தெருவே மெச்சியது. பரிபூரணமும்தான் மெச்சினாள்; அதை நினைத்தால் இன்றைக்கும் தன்னையே அறையத் தோன்றும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தபோதும், சித்திரை வெயிலில் குளிருது என்று பிள்ளை போர்த்திக்கொண்டபோதும், எல்லோருக்கும் ஆசையாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் மட்டும் தண்ணீர் குடித்தபோதும் பக்தி என்றே நம்பினாள். பஸ் ஸ்டாண்டு மிஷினில் காசு போட்டு எடைச் சீட்டாக வாங்கிச் சேர்த்தபோது, பின்னால் அச்சடித்திருக்கும் சோசியத்துக்காக என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்துப் பிரேயரில் மயங்கி விழுந்த பிறகுதான் ராஜபாளையத்து டாக்டரம்மா பார்த்து, மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்.

பேயுமில்லை, பிடிவாதமுமில்லை, இது ஒரு நோய், குணமாகும் என்றார் மதுரை டாக்டர். வேளைக்கு வேளை சாப்பாடு. வாரம் ஒரு தடவை எடை. அதுவும் எடை காட்டும் முள்ளுக்கு முதுகைக் காட்டி நின்று. பெற்றவர்களுக்கும் ஒரு மருந்து கொடுத்தார்: வாயை மூடிக்கொள்ள வேண்டும். தின்றால் மெச்சக் கூடாது, தின்னாவிட்டால் திட்டக் கூடாது. தட்டைப் பார்க்காமல் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும்.

பரிபூரணத்தை வாயை மூடச் சொல்வதும் மில் சங்கை ஊதாதே என்று சொல்வதும் ஒன்றுதான். ஆனாலும் நாலு மாதமாக மூடியிருந்தாள்.

கோதையும் தின்றாள்; கண்ணீரோடு, மருந்து விழுங்குவது போல, வேளை தவறாமல். ஆனால் யாரும் எடுத்து வைக்காமல், தானாக ஆசைப்பட்டு ஒரு வாய்? அது மட்டும் இல்லை. அது வரும், அவசரப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அது வந்துவிட்டதா? வந்ததைத்தான் இப்போது கத்திக் கெடுத்துவிட்டாளா?

"நாந்தாட்டி தின்னேன்."

புறவாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்த அவள் புருசன் சமுத்திரம் துண்டோடு உள்ளே வந்தார்.

துள்ளியது பொத்தென்று விழுந்தது. பரிபூரணத்துக்கு அழுகையே வந்தது. அத்தனையையும் கோபமாக்கி அவர் தலையில் கொட்டினாள். "சுகரு உள்ள மனுசனுக்கு இம்புட்டு நாக்கு ஆகுமா? தங்கச்சி வீட்டுச் சீருன்னு கூடவா தெரியல?"

சமுத்திரம் திருட்டு முழி முழித்தார். அதைப் பார்த்த கோதை உதட்டைக் கடித்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் உள் அறைக்கு ஓடிவிட்டாள்.

பரிபூரணம் விடவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்து, தின்ற விரல் இதுதானே என்று ஆள்காட்டி விரலைத் தடத்தில் வைத்து அமுக்கினாள்.

விரல் இறங்கவில்லை.

ராஜபாளையத்து மில்லில் இருபத்தைந்து வருடம் உழைத்த கை. ஒவ்வொரு விரலும் கற்பூரவள்ளிப் பழம். சுண்டு விரலை வைத்துப் பார்த்தாள். அதுவும் கரையில் இடித்தது.

நிமிர்ந்தாள். சமுத்திரம் உள் அறைப் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு, உதட்டின் மேல் அந்தப் பழ விரலை வைத்தார்.

பரிபூரணம் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அடுப்படிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். தண்ணீர்ப் பானையைக் கட்டிக்கொண்டாள். புருசன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். பிள்ளையின் சோற்றைப் பிடுங்கியதாகத் தான் ஏசிய அத்தனை சாமிகளிடமும் ஒரே மூச்சில் மன்னிப்புக் கேட்டாள்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, உள் அறைக்குக் கேட்கும்படி சத்தம் போட்டாள். "இந்த எச்சி டப்பாவ இனி யாருக்குக் குடுக்க? இங்கனயே கெடக்கட்டும்!"

மூடியைப் போடாமல், கைக்கு எட்டும் அலமாரித் தட்டில் டப்பாவை வைத்தாள். சமுத்திரம் கடையில் புது டப்பா வாங்கிக்கொண்டு ஆலங்குளத்துக்குப் பஸ் ஏறினார்.

சாயங்காலம் பால்கோவாவில் இரண்டாவது தடம் இருந்தது.

பரிபூரணம் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வீடு அதிரக் கத்தினாள். "பாத்தியாட்டி, ஒங்கப்பா மறுபடியும் தின்னுட்டாரு! இந்த மனுசன் திருந்தவே மாட்டாரு!"

ஆலங்குளத்தில் சமுத்திரத்துக்குப் புரையேறியிருக்கும்.

"ஆமாம்மா, நானும் பாத்தேன்," என்றாள் கோதை, உள் அறையிலிருந்து.

வாயில் என்னவோ இருந்தது.