அந்திரேயாவின் வள்ளமும் இரண்டு மோட்டார்களும்

அந்திரேயா தன் சிறிய வள்ளத்தில் நாற்பது குதிரைசக்தி மோட்டாரை மாட்டினார்.

"நீ ரொம்பக் கனம். என் பின்பக்கம் தாழ்கிறது" என்றது வள்ளம்.

"வேகமாகப் போனால் அது தெரியாது" என்றது மோட்டார்.

வலை போட வேகத்தைக் குறைத்ததும் பின்னாலிருந்து வந்த அலை உள்ளே புகுந்தது. அந்திரேயா வாளியால் தண்ணீரை இறைத்தபடியே எப்படியோ கரை சேர்ந்தார்.

மறுநாள் அவர் சின்ன மோட்டார் ஒன்றை மாட்டினார்.

"என்னால் வேகமாக ஓட முடியாதே" என்று அது கூச்சப்பட்டது.

"மீனோடு திரும்ப முடியுமா?" என்று கேட்டது வள்ளம்.

"அது முடியும்."

"அப்போ கிளம்பு."

மற்ற படகுகள் முந்திப் போயின. மாலையில் வள்ளம் நிறைய சாளை மீனோடு, உள்ளே நனையாமல் திரும்பியது.

கரையில் கிடந்த பெரிய மோட்டார் தயங்கித் தயங்கி, "எனக்கு இனி வேலை இல்லையா?" என்று கேட்டது.

"பெரிய படகு வைத்திருக்கும் ஒருவர் காலையிலேயே அந்திரேயாவிடம் உன்னைத்தான் விசாரித்தார்" என்றது வள்ளம்.