ஞாயிற்றுக்கிழமைச் சங்கு

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில், கிளமென்ட் வீட்டு முன்னறையில் நான்கு பேர் வாசிப்பார்கள். கேட்க நாங்கள் ஒன்பது பேர் போவோம். அந்த இசைக்கு மெட்டு கிடையாது, பாட்டு கிடையாது. ஒரே விதிதான்: மாலையில், வேலை முடிந்து ஆட்கள் சைக்கிளில் வீடு திரும்புவதற்கான ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்போதுதான் நிறுத்த வேண்டும்.

1979இல் ஒருமுறை, சனிக்கிழமை மழை என்று நிகழ்ச்சியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். இரண்டு மணி நேரம் வாசித்த பிறகுதான் கிளமென்டின் தங்கை லூர்துராணி சொன்னாள்.

"அண்ணே, இன்னைக்கு லீவு. சங்கு ஊதாது."

யாரும் நிறுத்தவில்லை. டிரம்ஸ் வாசித்த அற்புதசாமியின் விரல்களில் ரத்தம் கசிந்தது.

"நாளைக்கு அவருக்கு டைப்ரைட்டிங் பரீட்சை. விரல் வேணாமா?" என்றாள் லூர்துராணி.

"முதல்ல நிறுத்துறவன் இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றான் கிளமென்ட்.

"அப்ப நீயே நிறுத்துடா" என்றான் அற்புதசாமி.

அப்போது சங்கு ஊதியது. நால்வரும் ஒன்றாக நிறுத்தினார்கள். அற்புதசாமி கையை வாளித் தண்ணீரில் வைத்தான். நாங்கள் வெளியே வந்தோம்.

தெரு முழுக்கக் கதவுகள் திறந்திருந்தன. வேலை நாட்களைப் போலவே மனைவிமார் வாசலில் நின்று ஒர்க்‌ஷாப் பக்கம் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால், லுங்கியோடு, கணவன்மாரும் நின்று பார்த்தார்கள்.

தெருமுனையில் நிறைய சைக்கிள் மணிகள் கேட்டன.