மறுத்தார்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ரத்த தானக் குழுவுக்காக சுகாசினி சின்னதாக ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தாள். கட்டளையைத் தட்டினால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கும், செய்தி அனுப்பும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் திரையில் ஒரு வரி சொல்லும்.

அன்று காலை, குழுவை நடத்தும் கிரேஸ் இறந்துபோன ஒன்பது பேரின் பெயர்களைக் கொடுத்தார். எட்டுப் பேருக்கு 'நீக்கப்பட்டது' என்று வந்தது. ஒன்பதாவது பெயர் மாகறல் தணிகாசலம், ஓ நெகட்டிவ். அதற்கு நேரே 'மறுத்தார்' என்றிருந்தது.

"இந்த வார்த்தைய நான் எழுதவே இல்லக்கா," என்றாள் சுகாசினி.

"அவரு சாவுக்கு நான்தான்மா மாலை வாங்கிக்கினு போனேன்."

நிரல் முழுக்கத் தேடினாள். அந்தச் சொல் எங்குமே இல்லை. மறுபடி ஓட்டினாள், மறுபடியும் மறுத்தார். பயத்தைவிட, அடுத்து என்ன சொல்வார் என்ற ஆவல்தான் அவளுக்கு அதிகம். பெயரை அப்படியே விட்டுவைத்தாள்.

மதியம் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் உடனே வேண்டும். அந்த வகைக்காரர்கள் ஐந்து பேருக்கும் சுகாசினி செய்தி அனுப்பினாள். நான்கு வரிகளில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. ஐந்தாவதில் 'புறப்பட்டார்' என்று வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் கூப்பிட்டார். கிரேஸ் ஸ்பீக்கரில் போட்டார்.

"மொதல்ல வந்தவரு ரத்தமே போதுமாயிடுச்சிம்மா, பொண்ணு பொழச்சிக்கிச்சி. ஆனா இந்த மாகறல்காரரு படுக்கைய விட்டு எழுந்திரிக்கவே மாட்டேன்றாரு. ரெண்டு கையிலயும் தேடிட்டோம், நரம்பே கிடைக்கல. இன்னொருக்கா பாருங்கன்றாரு."