கிழக்கு மூலை வலை

"குனிங்க, செங்கோடண்ணா."

பானைக் கடை அங்கமுத்து கத்தியதும் செங்கோடன் குனிந்தான். பந்து அவன் தலையில் கட்டியிருந்த உருமாலை உரசிக்கொண்டு பறந்து, பின்னால் அடுக்கியிருந்த பானைகளில் ஒன்றைப் பதம் பார்த்தது.

அரை மணிக்குள் இது இரண்டாவது பானை. முதல் பந்து செங்கோடன் கட்டிய வலையின் முடிச்சை அறுத்துக்கொண்டு வந்தது. இந்தப் பந்து வலையைச் சட்டையே செய்யாமல், கிழக்கு மூலையில் மேலேறித் தாண்டி வந்தது.

பந்து வந்த இடம், சூரமங்கலத்தில் அமெரிக்கத் துரைசானி ஒருத்தி நடத்தும் பெண்கள் பள்ளி. சாயங்காலமானால் அங்கே கட்டையால் பந்தடிக்கிறார்கள். மெதுப்பந்து என்று பெயராம். மெதுவா இல்லையா என்று அங்கமுத்துவின் பானைகளைத்தான் கேட்க வேண்டும். மைதானத்தைச் சுற்றி ஓலைத் தட்டி. ஆண்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. தட்டிக்கு வெளியே, பானைக் கடைக்கு முன்னால் வலை கட்டித் தரும் வேலை கயிற்றுக் கடைக்காரன் செங்கோடன் தலையில் விழுந்திருந்தது. வேறு எவனும் ஒத்துக்கொள்ளவில்லை.

அங்கமுத்து மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினான். ஆட்டத்தையே நிறுத்தச் சொல்லித் தாசில்தாருக்கு மனு.

"வெள்ளிக்கெழமெ வரைக்கும் பொறுக்கறனுங்க. அன்னைக்கும் ஒரு பந்து இந்தப் பக்கம் வந்துச்சுன்னா மனு போயிரும். நீங்க பேசாம மூக்கணாங்கயிறு திரிச்சுக்கிட்டு இருங்க."

செங்கோடனுக்குச் சுர்ரென்று ஏறியது. "வந்துச்சுன்னா இந்த மீசையெ எடுத்துப்போடறன், போ."

சொன்ன பிறகுதான், பானை வாங்க வந்திருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் வலைப் பேச்சுத்தான். மனைவி மயிலம்மாள் அந்தப் பள்ளி விடுதிக்குப் பால் ஊற்றுகிறவள். ஊற்றினோமா வந்தோமா என்று இருக்கிறாளா என்றால், அதுவும் இல்லை. சமையல்காரி அளந்து வாங்க நேரமாகிறது என்று சொல்லி விளக்கு வைக்கிற வேளைக்குத்தான் வருவாள். அன்றைக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்காலுக்குக் கீழே கோழிமுட்டை அளவுக்கு வீக்கம். மாடு உதைத்துவிட்டதாம்.

மேட்டூர் மீன்காரர்களிடம் செங்கோடன் முதலில் நூல் வலை வாங்கி வந்தபோதே, மூன்றாவது அடிக்குத் தாங்காது என்று அவள் சொன்னாள். மீன் கோபத்தோடு வந்து மோதாது, பந்து மோதும் என்றாள். அவன் சிரித்தான். மூன்றாவது அடியில் வலை கிழிந்தது. அடுத்ததாகத் தன் கடைத் தேங்காய்நார்க் கயிற்றில் வலை பின்னி, கயிற்றுக் கட்டில் மாதிரி விறைப்பாகக் கட்டினான். விறைப்பு ஆகாது என்று அதற்கும் ஒரு சொல். இப்போது வீக்கத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே மறுபடியும் ஆரம்பித்தாள்.

"தொங்கலா உடுங்க. பந்து அதுல உழுந்து சாகோணும். வலைக்கண்ணு மூணு வெரலுக்கு மேல வேண்டாம். கெழக்கு மூலையெ மட்டும் பதினஞ்சு மொழத்துக்கு ஒசத்துங்க."

"ஏன், மத்த மூலையெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"பந்து அங்கதானுங்க வரும்."

"உங்கிட்டச் சொல்லிட்டா வருது? பால் ஊத்தற வேலையெப் பாரு, புள்ள. கயித்துலயே பொறந்து கயித்துலயே வளந்தவன் நான்."

அவள் மஞ்சள் பற்றைத் தடவிக்கொண்டே, ஆட்டம் நின்றுபோனால் பாவம் அந்தப் பிள்ளைகள் என்று மட்டும் முனகினாள்.

அவள் பேச்சைக் கேட்பதற்குப் பதிலாகக் கம்பி வலை தேடி ஓமலூர் வரைக்கும் நடந்தான் செங்கோடன். அங்கே கடைக்காரன் அவன் சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டு கோழிக்கூண்டுக் கம்பியைக் காட்டினான். கோழிக்குத் தாங்கும், துரைசானியின் கைக்குத் தாங்குமா என்று தனக்குத் தெரியாது என்றான். செங்கோடன் காலைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தான். வியாழக்கிழமை வேறு வழியில்லாமல், பெண்டாட்டியின் யோசனை என்று ஒருவரிடமும் மூச்சு விடாமல், அவள் சொன்னபடியே கட்டி முடித்தான். மூன்று விரல் கண். தொங்கல். கிழக்கு மூலையில் பதினைந்து முழம்.

வெள்ளிக்கிழமை பானைக் கடை முன்னால் திருவிழாக் கூட்டம். எவனோ சவரக்கத்தியும் கிண்ணத்தில் தண்ணீரும் கொண்டு வந்திருந்தான். செங்கோடனின் கை மீசையை விட்டு இறங்கவே இல்லை.

தட்டிக்குள் கட்டையில் பந்து பட்ட சத்தம். பந்து எழும்பி நேரே கிழக்கு மூலைக்கு வந்தது. வலை தொந்தி மாதிரி உப்பி, பந்தை வாங்கி, தொப்பென்று கீழே போட்டது. அப்புறம் இரண்டு பந்துகள். அதே மூலை, அதே தொப்.

அங்கமுத்து வலையை விரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு மனுவைச் சுருட்டிச் சூளை அடுப்புக்குள் செருகினான்.

செங்கோடன் மீசையை முறுக்கிக்கொண்டு தட்டி வாசலுக்குப் போய்த் துரைசானியைக் கூப்பிட்டான். ஊரில் வேறு யாருக்கு அப்படி அடிக்க வரும்? ரொட்டியும் வெண்ணெயும் தின்று வளர்ந்த கையல்லவா?

"உங்க அடியெ நிறுத்தறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துபோச்சுங்க," என்றான். "அந்தக் கைக்கு ஒரு கும்புடு."

துரைசானி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் பந்து வீசுவேன், அவ்வளவுதான்," என்றாள் புத்தகத் தமிழில். "அடித்தவர் இவர்."

அவளுக்குப் பின்னால், சேலையை வரிந்து கட்டி, இடுப்பில் பால் குடமும் தோளில் பந்துக் கட்டையுமாக நின்றிருந்தாள் மயிலம்மாள்.

"இனிமேப்பட்டு அந்த மாட்டு மேல பழி போட வேண்டியதில்லீங்க," என்றாள்.